ஆராய்ச்சிப் பணம் நின்ற பிறகு

அன்புள்ள ஐயா,

குறிஞ்சிப்பாடியிலிருந்து எழுதுகிறேன். என் மகள் பி.எஸ்சி. முடித்தவள். வெளிநாட்டுப் பணத்தோடு இந்தப் பக்கம் நடந்த ஒரு சர்க்கரை நோய் ஆய்வில் களப்பணியாளராக இருந்தாள். திட்டம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். இப்போது கடலூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். ஊர் ஜனங்களின் ரத்தத்தையும் விவரத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள், நமக்கு என்ன மிஞ்சியது? இப்படிப்பட்ட கூட்டுத் திட்டங்களே நமக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டு உங்கள் கடிதத்தை வெளியிட்டிருக்கிறேன். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கூட்டுத் திட்டமே வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1956இல் உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர்., அன்றைய சென்னை மாநில அரசு எல்லாம் சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய் மையம் தொடங்கின. காசநோய் வந்தால் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் போய்ப் படுக்க வேண்டும் என்றிருந்த காலம். படுக்கைகளோ போதவே போதாது. சரி, நெருக்கடியான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டோடு இருந்தே மருந்து சாப்பிட்டால் குணமாகுமா? நோயாளிகளை வீட்டில் ஒரு பிரிவு, சானடோரியத்தில் ஒரு பிரிவு என்று வைத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள் என்று 1959இல் முடிவு வந்தது. குடும்பத்தாருக்குத் தொற்று கூடவில்லை என்பதும் பிறகு தெரிந்தது. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை மாற்றிய ஆய்வு அது. வெளிநாட்டு நிபுணர்கள் ஊர் திரும்பிய பிறகும் மையம் நின்றது. இன்று அதுதான் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நம் அரசுகள் முதலிலிருந்தே பங்காளியாக இருந்ததும், பிறகு ஐ.சி.எம்.ஆர். அதை நிரந்தரமாக எடுத்துக்கொண்டதும்தான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்திலேயே பாருங்கள். புதுச்சேரியில் 1975இல் ஐ.சி.எம்.ஆர். தொடங்கிய நோய்க்கடத்தி (கொசு மாதிரி நோய் பரப்பும் பூச்சிகள்) கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கொசுப்புழுவைக் கொல்லும் பி.டி.ஐ. பாக்டீரியா ரகம் ஒன்றை அங்கே உருவாக்கினார்கள். யானைக்கால் நோயில் அவர்கள் செய்தது பெரிய வேலை. அந்த நோயின் நுண்புழுக்கள் ராத்திரியில்தான் வெளி ரத்தத்துக்கு வரும். அதனால் களப்பணியாளர் ஊர் அடங்கும் நேரத்தில் கதவைத் தட்டி, தூக்கக் கலக்கத்தில் இருப்பவரிடம் பக்குவமாகப் பேசி, விரலில் குத்தி ரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவ வேண்டும். எந்தத் தெருவில் யார் மறுப்பார்கள், யாரை முன்னால் விட்டால் மற்றவர்கள் வருவார்கள் என்பதெல்லாம் வருடக்கணக்கில் பழகினால்தான் கைவரும். உங்கள் மகள் கற்றதும் இந்த மாதிரி வேலைதான். அவரைத் துணிக்கடைக்கு அனுப்பியதில் நஷ்டம் அவருக்கு மட்டுமல்ல, மாவட்டத்துக்கும்தான். அடுத்த திட்டம் வரும்போது புதிதாக ஆள் எடுத்து மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் டிரஸ்டும் 2008இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ் என்ற ஆராய்ச்சி நிதி அமைப்பில் ஆரம்பத்தில் இரண்டு தரப்பும் சரிபாதி போட்டன. அப்படி நம் பணமும் இருந்தால்தான் எதை ஆராய்வது என்று நாமும் சொல்ல முடியும். முழுக்க வெளியாரை நம்பினால் என்ன ஆகும் என்பதை 2025இல் பார்த்தோம். அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச்., அந்நாட்டு நிறுவனங்கள் வழியாக வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் துணை மானியம் கொடுத்துவந்த பழைய முறையை ஒரே அறிவிப்பில் நிறுத்தியது.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து ஊர்க்காரர்கள் 2004இல் தாங்கள் சுவாசிக்கும் காற்றை வாளிக்குள் வைத்த பையில் பிடித்தார்கள். அதைப் பரிசோதிக்க அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கேள்வி நம்முடையது, கேட்டவர்கள் நம் ஜனங்கள், பதில் சொல்லும் கருவியும் ஆளும் மட்டும் இங்கே இல்லை. இது எனக்கு இன்றும் வலிக்கிறது.

அதனால் நான் கேட்பது இதைத்தான். சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இப்போது கடலூர் மாவட்ட அரசுக் கல்லூரி. களப்பணியாளர்கள், லேப் டெக்னீஷியன்கள், டேட்டா பார்ப்பவர்கள் என்று ஒரு நிரந்தரக் குழுவை அங்கே மாநில அரசு வைக்கட்டும். எந்தத் திட்டம் வந்தாலும், உள்ளூர்ப் பணமோ வெளியூர்ப் பணமோ, சம்பளத் தொகையை அந்தக் குழுவின் கணக்கில் கட்டட்டும். ஒரு திட்டம் முடிந்து அடுத்தது வரும்வரை இருக்கும் மாதங்களை அரசு தாங்கட்டும். ஒரு கட்டடத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையே இல்லை.

நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு ஒவ்வொன்றிலும் மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அடுத்த முறை உங்கள் ஊருக்கு ஆய்வு என்று யாராவது வந்தால், அந்த உறுப்பினர் யார், திட்டம் முடிந்த பிறகு ஆட்களுக்கும் ஊருக்கும் என்ன ஏற்பாடு என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்.

அப்புறம், மகள் அனுபவச் சான்றிதழ் வாங்கிவிட்டாரா? ரத்த மாதிரி எடுத்தது, படிவம் நிரப்பியது, வீடு வீடாகத் தொடர்ந்து போய்ப் பார்த்தது என்று செய்த வேலையெல்லாம் அதில் தனித்தனியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த வாரமே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.