பூட்ஸும் பசியும்: ரெமார்க்கின் போர் நாவல் பற்றிக் கேள்வி பதில்

முதல் உலகப் போரில் ஜெர்மன் காலாட்படையினர் வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்லும் எரிக் மரியா ரெமார்க்கின் ‘மேற்கு முனையில் புதிதாக ஏதுமில்லை’ நாவலைப் பற்றி நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும். முடிவைப் பற்றியும் பேசியிருக்கிறேன். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

போர் நாவல் என்று நம்பி எடுத்தேன். ஆரம்பத்திலேயே சாப்பாட்டுப் பேச்சு. சண்டை எப்போது வரும்?

அந்தச் சாப்பாட்டிலேயே சண்டை இருக்கிறது. சமையல்காரர் 150 பேருக்குச் சமைத்து வைத்திருக்கிறார். திரும்பி வந்தவர்கள் 80 பேர். மீதியைத் தரமாட்டேன் என்கிறார் அவர். பங்கு கேட்டு இவர்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். செத்தவர்களின் சோறு இன்று இவர்கள் வயிற்றுக்கு. அழவும் இல்லை, கூச்சப்படவும் இல்லை, வயிறு நிறைந்ததில் சந்தோஷம். இரண்டு வாரம் முன்வரிசையில் கிடந்தவனின் மனசு எப்படி இருக்கும் என்பதை இதைவிட நேராக எழுதியவர்களை நான் படித்ததில்லை.

பூட்ஸையும் அப்படிப் பின்தொடர்ந்து பாருங்கள். கால் வெட்டப்பட்டுச் சாகக் கிடக்கும் வீரன் கெம்மெரிச்சின் மெத்தென்ற பூட்ஸ் மீது அவன் தோழன் ம்யூலருக்குக் கண். நல்ல பூட்ஸ் கிடைப்பது அரிது, ஆஸ்பத்திரி ஆள் யாராவது அடித்துக்கொண்டு போய்விடுவான் என்பது அவன் கவலை. பிறகு ம்யூலரும் சாகிறான், பூட்ஸ் கதையைச் சொல்லும் வீரன் பால் பாய்மருக்கு வருகிறது. அடுத்து அது யாருக்கு என்பதையும் பால் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுகிறான்.

ரெமார்க் போர்முனையில் இருந்தது கொஞ்ச நாள்தானாமே? அப்படியென்றால் இதை எப்படி நம்புவது?

உண்மைதான். 1917 ஜூனில் முனைக்குப் போனவர், ஜூலை 31 அன்று ஃப்ளாண்டர்ஸில் குண்டுச் சிதறல்களால் காயம்பட்டார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதன்பின் நெடுங்காலம் டூயிஸ்பர்க் ராணுவ மருத்துவமனையில் இருந்தார். அங்கே பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சொன்னதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டார். நாவலில் வரும் மருத்துவமனைப் பகுதியை மறுபடி படித்துப் பாருங்கள். காலாட்படைக்காரன் குண்டுக்கு முன்னால் எப்படி இருக்கிறான் என்பதோடு, குண்டு பட்ட பிறகு என்ன ஆகிறான் என்பதையும் கிட்டே இருந்து பார்த்தவரின் எழுத்து அது. சொந்த அனுபவம் எத்தனை நாள் என்று கணக்குப் பார்த்து நாவலை எடைபோடுவது எனக்கு ஒப்பவில்லை.

தமிழில் மொழிபெயர்க்க ஆசை. எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

முதல் சொல்லிலேயே. ‘வீர்’ என்று ஜெர்மனில் தொடங்குகிறது. முனையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் பின்னால் இருக்கிறோம் என்பது அந்த வாக்கியம். ஜெர்மனில் அந்த ஒரே சொல் நாம், நாங்கள் இரண்டுக்கும் பொது. தமிழில் நீங்கள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ‘நாங்கள்’ என்றுதான் போடவேண்டும் என்பேன். படிக்கும் நாம் அந்தக் குழியில் இல்லை. ஊரில் இருக்கும் அப்பாவும், வீரம் பேசி அனுப்பிவைத்த ஆசிரியரும்கூட அதற்குள் வரமாட்டார்கள். பால் விடுப்பில் வீட்டுக்குப் போகும் அத்தியாயத்தின் வலியே அதுதான்.

ஒரே ஓர் இடத்தில் ‘நாம்’ வரலாம். குண்டு விழுந்த பள்ளத்தில், தான் குத்திக் கொன்ற பிரெஞ்சுக்காரனின் உடலோடு பால் பேசும் இடம். செத்தவன் அச்சுத் தொழிலாளி என்பது தெரியவரும் பக்கங்கள். அங்கே எதிரியும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறான். பிறகு நண்பர்கள் ஒவ்வொருவராகப் போகப் போக, ‘நாங்கள்’ சுருங்கி ‘நான்’ ஆகிறது. கடைசி இரண்டு பத்தியில் ‘அவன்’. 1918 அக்டோபரில் களத்தில் விழுந்து இறந்தான் என்று வேறு யாரோ சொல்கிறார்கள். இந்த இறக்கம் உங்கள் தமிழில் பிசகாமல் வந்தால் போதும், மற்ற தவறுகளை மன்னித்துவிடலாம்.

பயனெட் (துப்பாக்கி முனையில் செருகும் கத்தி) சண்டை ஏன் அதிகம் இல்லை?

நேருக்கு நேர் சண்டைக்குக் கைக்குண்டும் கூர்தீட்டிய மண்வாரியும் போதும் என்கிறான் பால். பயனெட் குத்தினால் விலா எலும்பில் சிக்கிக்கொள்ளும். ரம்பப் பல் வைத்த பயனெட்டோடு பிடிபட்டவனை எதிரி விடமாட்டான் என்பதால், புதிதாக வந்த பையன்களிடம் அது இருந்தால் மூத்தவர்கள் வாங்கிக்கொண்டு வேறு கொடுத்துவிடுகிறார்கள்.

இந்திய வீரர்கள் இதில் வருகிறார்களா?

இல்லை. இந்தியக் காலாட்படை டிவிஷன்கள் 1914 இலையுதிர் காலத்தில் பிரான்ஸுக்கு வந்தன. 1915 மார்ச்சில் நவ் ஷாப்பெல்லில் போரிட்டன. அந்த வருஷக் கடைசியிலேயே மெசபடோமியா (இன்றைய ஈராக்) பக்கம் போய்விட்டன. நாவலின் காலம் அதற்குப் பிந்தியது.

இதில் அரசியல் முழக்கமே இல்லையே. நாஜிகள் ஏன் எரித்தார்கள்?

முழக்கம் இல்லாததே அவர்களுக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். போர்க்களச் சாவு புனிதமானது என்று பேசியவர்களுக்கு முன்னால் பேனும் எலியும் வயிற்றுப்போக்குமாக ஒரு படைவீரன் வந்து நின்றான். 1929இல் புத்தகம் வெளிவந்தது. 1930 டிசம்பரில் அதன் திரைப்படம் பெர்லினில் ஓடியபோது நாஜித் தலைவர்களில் ஒருவரான கோயபல்ஸின் ஆட்கள் நாற்றக் குண்டுகளை வீசி, வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டுக் கலைத்தார்கள். 1933 மே 10 அன்று புத்தகம் நெருப்பில் போனது. ரெமார்க் வெளிநாட்டில் இருந்ததால் பிழைத்தார். ஜெர்மனியிலேயே இருந்த தங்கை எல்ஃப்ரீடேயை, போரில் தோல்விதான் என்று பேசியதற்காக 1943இல் தலை வெட்டிக் கொன்றார்கள். இதைப் படித்த நாளிலிருந்து அந்தப் புத்தகத்தை வேறு மாதிரிதான் கையில் எடுக்கிறேன்.

அடுத்து எதைப் படிக்கலாம்?

1931இல் வந்த ‘திரும்பும் பாதை’. பிழைத்து ஊர் திரும்பியவர்களின் கதை. முதல் நாவலில் எப்போதும் பசியோடு திரிந்த ட்யாடென் இதிலும் வருகிறான். கசாப்புக் கடைக்காரரின் மகளைக் கல்யாணம் செய்துகொள்கிறான்.