பட்டியலில் இருப்பது படைப்பாளிக்கே தெரிய வேண்டாமா?

கேள்வி: யூடியூபில் முன்னணிச் சேனல்களைத் தனியே பிரித்து, பெரிய நிறுவனங்களுக்குக் கூடுதல் விலைக்கு விளம்பர இடம் விற்கிறார்கள். நன்றாக உழைத்தவர்களுக்குக் கிடைக்கும் பரிசுதானே அது? சிறிய சேனல்காரர்கள் அதைக் குறை சொல்வது பொறாமை இல்லையா?

பதில்: பரிசு என்றால், அதைப் பெறுகிறவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். 2014-இல் ‘கூகுள் ப்ரிஃபர்டு’ என்று தொடங்கி, 2020-இல் ‘யூடியூப் செலக்ட்’ என்று பெயர் மாறிய இந்த ஏற்பாடு, முதல் 5 சதவீதத்துக்குள் வரும் சேனல்களைத் தொகுத்து விளம்பரதாரர்களிடம் முன்கூட்டியே விலை பேசுவதற்காக உருவானது. அந்தத் தொகுப்பில் தாம் இருக்கிறோமா என்பதைப் படைப்பாளி தம் கணக்கில் பார்த்துத் தெரிந்துகொள்ள வழி வைக்கப்படவில்லை.

இந்தத் தொகுப்புக்குத் தேர்ந்தெடுக்கச் சேனல்களுக்குத் தரப்படும் மதிப்பெண்ணில் எவையெல்லாம் சேருகின்றன என்பது 2020-இன் தொடக்கத்தில்தான் பரவலாகப் பேசப்பட்டது. எத்தனை பேர் பார்க்கிறார்கள், எவ்வளவு ஈடுபாட்டோடு பார்க்கிறார்கள் என்பவற்றோடு, தொலைக்காட்சித் திரையில் எவ்வளவு பார்க்கப்படுகிறது, படப்பிடிப்பின் தரம் எப்படி, விளம்பரதாரருக்குச் சங்கடம் தராத உள்ளடக்கமா என்பவையும் அதில் அடங்கும். கைப்பேசியில் படம் பிடித்து, கரும்பலகையில் கணக்கு விளக்கும் ஓர் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். அவருடைய மாணவர்கள் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள்; அவர்களுக்குப் பாடம் புரிகிறது, மறுபடி மறுபடி வருகிறார்கள். இருந்தும் பெரிய திரை, படப்பிடிப்பு ஆகிய இரண்டு இடங்களில் அவர் பின்தங்கிவிடுவார். போரைப் பற்றியோ பாலியல் நலத்தைப் பற்றியோ பொறுப்போடு பேசுகிறவருக்கு, எடுத்துக்கொண்ட பொருளே தடையாகலாம். இதை உழைப்பின் அளவுகோல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

விளம்பரதாரர்களின் அச்சத்தில் நியாயம் உண்டு. 2017-இல் தங்கள் விளம்பரங்கள் தீவிரவாதக் காணொளிகளோடு ஓடியதைக் கண்டு பல பெரிய நிறுவனங்கள் விலகின. யாராக இருந்தாலும் விலகியிருப்பார்கள். ஆனால் அந்த அச்சத்துக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று பாருங்கள். 2018 ஜனவரியில் யூடியூப் வெளியிட்ட ஒரே அறிவிப்பு, இந்தத் தொகுப்பிலுள்ள காணொளிகளை மனிதர்களே பார்த்துச் சரிபார்ப்பார்கள் என்று உறுதியளித்தது; 1,000 சந்தாதாரர்களும் 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் இல்லாத சேனல்களுக்கு விளம்பர வருமானம் இல்லை என்றும் சொன்னது. பாதிக்கப்படுகிறவர்களில் 99 சதவீதம் பேர் ஆண்டுக்கு 100 டாலருக்கும் குறைவாகவே ஈட்டியவர்கள் என்று சமாதானமும் கூறியது. தொகை சிறியதுதான்; என்றாலும் தொடங்கி வைத்த வேலையைத் தொடரலாம் என்ற நம்பிக்கையைப் பலருக்கு அந்தச் சிறு தொகைதான் தந்திருக்கும். 2020 நவம்பரில் விதிகள் மாறிய பிறகு, விளம்பர வருமானத்தைப் படைப்பாளியோடு பகிரும் யூடியூபின் பங்குத் திட்டத்தில் இல்லாத சேனல்களிலும் விளம்பரம் ஓடலாம். அதில் படைப்பாளிக்குப் பங்கு கிடையாது.

நீண்ட காணொளிகளின் விளம்பர வருமானத்தில் படைப்பாளியின் பங்கு பொதுவாக 55 சதவீதம்தான். அது எல்லாருக்கும் ஒன்றுதானே என்று நீங்கள் கேட்கலாம். விகிதம் ஒன்று, விலை வேறு. பேசி முடித்த விலைக்கு விற்ற இடத்தின் 55 சதவீதமும், ஏலத்தில் மலிவாகப் போன இடத்தின் 55 சதவீதமும் ஒன்றாகிவிடாது. விலை இறங்கும்போது, காரணம் பருவமா, தம் காணொளியா, பட்டியலிலிருந்து நீக்கமா என்று தெரியாமல் படைப்பாளி தவிக்கிறார். பட்டியலுக்குள் இருப்பவர்கூட எதைத் தொட்டால் இடம் போகுமோ என்று அஞ்சிப் பாதுகாப்பான தலைப்புகளுக்குள் ஒதுங்குகிறார். ஆகவே, இதைப் பொறாமை என்று தள்ளிவிடாதீர்கள்.

வெளிப்படையாகச் சொல்வது முடியாத காரியமும் இல்லை. ஒரு காணொளிக்கு விளம்பரம் குறைக்கப்பட்டால், யூடியூப் அதன் அருகே மஞ்சள் நிற டாலர் குறியைக் காட்டுகிறது. படைப்பாளி மறுபரிசீலனை கேட்டால் ஒரு மனிதர் பார்த்து முடிவு சொல்கிறார். ஒரு காணொளிக்குச் செய்வதைச் சேனலுக்கும் செய்ய வேண்டும்: பட்டியலில் சேர்த்ததையும் நீக்கியதையும் காரணத்தோடு தெரிவித்து, முறையிடவும் இடம் தர வேண்டும்.