கணினியில் பிறந்த சிற்பத்தில் கை எங்கே?

வணக்கம் சார்,

உலோகச் சிற்பங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டை நாடா போல முறுக்கிச் செய்த, ஆளுயரத்தைத் தாண்டிய ஒரு வடிவம். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன், ரொம்பப் பிடித்திருந்தது. அப்புறம் பக்கத்தில் இருந்த குறிப்பைப் படித்தேன். சிற்பி கணினியில் வடிவமைத்திருக்கிறார், லேசர் வெட்டியிருக்கிறது, பட்டறையில் வேறு ஆட்கள் வெல்டிங் செய்திருக்கிறார்கள். ஏமாந்துபோன மாதிரி ஆகிவிட்டது. சிற்பியின் கை படாததை எப்படிச் சிற்பம் என்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

குறிப்பைப் படிப்பதற்கு முன்னால் அதைச் சுற்றிச் சுற்றி வந்தீர்களே, அந்த அனுபவம் பொய்யில்லை. அதை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் கேள்வி ஒரு காலத்தில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1926இல் ருமேனியச் சிற்பி பிரான்குசியின் 'அந்தரத்தில் பறவை' வெண்கலச் சிற்பம் நியூயார்க்கில் வந்து இறங்கியபோது, சுங்க அதிகாரிகள் அதைக் கலை என்று ஒப்புக்கொள்ளவில்லை. சமையலறை, மருத்துவமனைச் சாமான்களோடு சேர்த்து 40 சதவீதம் வரி போட்டுவிட்டார்கள். வழக்கில் சிற்பி ஜேக்கப் எப்ஸ்டைனிடம் கேட்டார்கள்: நல்ல மெக்கானிக் ஒருவர் இதைச் செய்துவிட முடியாதா? மெருகேற்ற அவரால் முடியும், மனதில் உருவாக்க முடியாது என்றார். 1928இல் தீர்ப்பு பிரான்குசி பக்கம் வந்தது. 1962இல் அமெரிக்கச் சிற்பி டோனி ஸ்மித் ஆறடி எஃகுக் கனசதுரம் ஒன்றைத் தொலைபேசியிலேயே சொல்லிச் செய்ய வைத்தார். ஆக, சிற்பியின் கை விலக ஆரம்பித்தது கணினியால் அல்ல.

ஆனால் 'எண்ணம் போதும், கை வேண்டாம்' என்று சொல்லி முடித்துக்கொள்ள என்னால் முடியவில்லை. ஒரு சிற்பி நண்பரின் பட்டறையில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

திரையில் வடிவத்துக்கு எடையும் கிடையாது, முரண்டும் கிடையாது. அதை மென்பொருள் விரித்துத் தட்டையாக்கித் தரும், அந்தக் கோட்டில் லேசர் வெட்டும். உருளையையும் கூம்பையும் இப்படி விரித்துவிடலாம். கோளத்தை விரிக்க முடியாது. ஆரஞ்சுத் தோலை மேசையில் வைத்து அழுத்திப் பாருங்கள், கிழியும். ஆகவே தகடு இசைகிற வடிவத்தோடு நிற்பதா, சிறு துண்டுகளாக வெட்டி ஒட்டுவதா, சுத்தியலால் அடித்துக் குழிப்பதா என்று ஆரம்பத்திலேயே முடிவெடுக்க வேண்டும். நண்பர் அன்று காலை முழுக்க அட்டையை வெட்டி, மடக்கி, மறுபடி வெட்டிக்கொண்டிருந்தார்.

தகடு உருளை இயந்திரத்தில் வளைந்து வெளியே வந்ததும் கொஞ்சம் நிமிர்ந்துகொள்கிறது. எவ்வளவு நிமிரும் என்பது தகட்டுக்குத் தகடு மாறும். வளைவின் அளவில் வெட்டிய ஒட்டுப்பலகையை அதன்மேல் வைத்து, இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து மறுபடி உள்ளே விட்டார்கள். வெல்டிங் அதைவிடச் சிரமம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சூடு சீக்கிரம் பரவாது, பட்ட இடத்திலேயே தங்கும். விரிவதோ சாதாரண எஃகைவிட அதிகம். அதனால் தகடு இழுத்துக்கொண்டு கோணும். ஒரு முனையில் பொட்டு வைத்து, அடுத்து எதிர்முனை, அப்புறம் நடு என்று மாற்றி மாற்றிப் பற்றவைத்தார்கள். அப்படியும் இரண்டாம் நாள் ஒரு விளிம்பு விரல் அகலம் விலகிவிட்டது. "அறுத்துச் சரி பண்ணிடவா?" என்று கேட்டார் வெல்டர். நண்பர் பதில் சொல்லாமல் அதைச் சுற்றி நடந்தார். குனிந்தார், தள்ளிப்போய் நின்று பார்த்தார். கடைசியில் "அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கணினிக்குப் போய் அடுத்த தகட்டின் வடிவத்தை இதற்கு ஏற்ப மாற்றினார். வடிவம் அந்த இடத்தில்தான் உயிர் பெற்றது என்று இன்றும் நினைக்கிறேன்.

அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா பெரும் எஃகுத் தகடுகளை வளைத்து நிறுத்திய 'முறுக்கிய நீள்வட்டங்கள்' 1990களில் வந்தவை. ரோமில் கட்டடக் கலைஞர் பொரோமினி கட்டிய சான் கார்லோ தேவாலயத்துக்குள் அவர் பக்கவாட்டிலிருந்து நுழைந்தபோது, தரையின் நீள்வட்டமும் மேலே உள்ள நீள்வட்டமும் ஒன்றுக்கொன்று திரும்பியிருப்பதாகத் தோன்றியது. நடுவே வந்து பார்த்தால் அப்படியில்லை. கண் செய்த அந்தத் தவறை அவர் விடவில்லை. இரண்டு மர நீள்வட்டங்களைக் கோணம் மாற்றிப் பொருத்தி, ஈயத் தகட்டில் வைத்து உருட்டிப் பார்த்த பிறகே விஷயம் கணினிக்குப் போனது. எஃகை வளைத்தது அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு கப்பல் கட்டும் தளம்.

சரி, நீங்கள் சந்தேகப்படுகிற மாதிரியான வேலைகளும் நிறைய இருக்கின்றன. திரையில் அழகாக இருந்ததைப் பெரிதாக்கி நிறுத்தியிருப்பார்கள். உலோகம் அதில் ஒரு வார்த்தையும் பேசியிருக்காது. அவற்றைச் சுற்றி இரண்டாவது முறை நடக்க எனக்குத் தோன்றியதே இல்லை.

மறுபடி போக முடிந்தால், முறுக்கு மிக இறுகும் இடத்தில் குனிந்து உள்பக்கம் பாருங்கள். உலோகம் தேய்க்கும் கிரைண்டர் நுழையாத இடமாக இருந்தால், தேய்க்காத வெல்டிங் கோடும் அதை ஒட்டி வைக்கோல் நிறத்திலும் நீலத்திலும் சூட்டுத் தடமும் தெரியலாம். அதைப் பற்றவைத்தவர்களின் பெயர் குறிப்பில் இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால், அந்த வருத்தம் எனக்கும் உண்டு.