ஒலியை ஏன் நீக்கினீர்கள்?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. கிளப் அணியில் கால்பந்து ஆடுகிறான். அரையிறுதியின் கடைசி நிமிடங்களில் அவன் அடித்த கோலை ஆஃப்சைட் என்று நடுவர் மறுத்துவிட்டார். அது ஆஃப்சைடே இல்லை. அந்த நடுவருக்கு 17 வயது இருந்தால் அதிகம். ஆட்டம் முடிந்ததும் நானும் வேறு சில பெற்றோரும் அவரிடம் போய் நியாயம் கேட்டோம். கொஞ்சம் குரல் உயர்ந்தது உண்மைதான். இதற்காக மூன்று ஆட்டங்களுக்கு நான் மைதானத்துக்கு வரக்கூடாது என்று லீக் குழு தடை விதித்திருக்கிறது. நடுவர் மீது எந்த நடவடிக்கையும் இல்லை. நான் எடுத்த வீடியோவைப் புகாருடன் அனுப்பினேன் (தேவையில்லாத பேச்செல்லாம் இருந்ததால் ஒலியை மட்டும் நீக்கிவிட்டேன்). இதுவரை பதில் இல்லை. நடுவர்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லையா? மகன் வேறு பயிற்சிக்குப் போக மாட்டேன் என்கிறான். இந்த அநீதி அவன் மனதை உடைத்துவிட்டது.

– பெயர் வெளியிட விரும்பாத தந்தை

பதில்: முதலில் அந்த வீடியோவைப் பற்றிப் பேசுவோம், ஐயா. நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுக் கடந்துபோன வரியைத் தாண்டி என்னால் வர முடியவில்லை.

தேவையில்லாத பேச்சு என்கிறீர்கள். யாருக்குத் தேவையில்லை? நடந்ததை விசாரிக்கும் குழுவுக்கு அதுதானே முதலில் வேண்டும்? அந்த நடுவர் உங்களை ஒரு தகாத வார்த்தை சொல்லியிருந்தால் ஒலியை நீக்கியிருப்பீர்களா? எந்த நிமிடத்தில் கேட்கிறது என்று குறிப்பெழுதி அனுப்பியிருப்பீர்கள். கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் நீங்கள். அதற்கு மிக அருகில் இருந்த வாய் உங்களுடையது. அதில் எல்லோரையும்விடத் தெளிவாகக் கேட்டிருக்கக் கூடிய குரல் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீடியோவிலிருந்து ஒலி தானாகப் போய்விடாது. உட்கார்ந்து கேட்டு, இது பிறர் காதுக்குப் போகக்கூடாது என்று முடிவெடுத்த பிறகுதான் ஒருவர் அதை நீக்குகிறார். ஆகவே அன்று பேசியது தவறு என்று லீக் குழு சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அதை மறைத்தீர்கள். மறைத்த கையோடு இன்னொருவரைப் பதில் சொல்லச் சொல்கிறீர்கள். இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. கோல் விழுந்த நிமிடம் முதல் காற்று அடித்த திசை வரை எல்லாம் அவற்றில் இருக்கும். எழுதியவர் என்ன வார்த்தை பேசினார் என்பது மட்டும் இருக்காது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நடுவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவரா? ஆம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. விசிலைக் கையில் வாங்கியவர் விதிகளைப் படித்திருக்க வேண்டும், பந்தோடு ஓட வேண்டும், இரு அணிகளையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டும். எதைக் கேட்கலாம், எங்கே கேட்கலாம் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கால்பந்தின் ஐந்தாம் விதிப்படி, ஆட்டத்தில் நடந்தவை குறித்து நடுவர் எடுக்கும் முடிவே இறுதியானது. கோல் விழுந்ததா இல்லையா என்பதும் அதில் அடங்கும். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால், முன்பு கொடுத்த முடிவு தவறு என்று நடுவருக்கே தெரிந்தாலும் அதை மாற்ற முடியாது. நடுவர் தவறே செய்ய மாட்டார் என்பதால் எழுதப்பட்ட விதி அல்ல இது. ஒவ்வொரு முடிவையும் திருப்பிக் கேட்கத் தொடங்கினால் எந்த ஆட்டமும் முடியாது என்பதால் எழுதப்பட்டது. விதியையே தவறாகப் பயன்படுத்தினார், ஒரு பக்கம் சாய்ந்தார், சிறுவர்களை இழிவாகப் பேசினார், அடிபட்டுக் கிடந்தவனைக் கவனிக்கவில்லை என்றால் கிளப் எழுத்தில் புகார் கொடுக்கலாம். நன்றாக நடக்கும் லீக் அதைப் படிக்கும். அந்த நடுவரின் அடுத்த ஆட்டத்துக்கு அனுபவமுள்ள ஒருவரை அனுப்பிப் பார்க்கும். தேவைப்பட்டால் திரும்பவும் பயிற்சி கொடுக்கும். வாகனம் நிறுத்துமிடத்துக்குப் போகும் வழியில் நான்கு பேர் சூழ்ந்துகொண்டு கேட்பதற்குப் பெயர் விசாரணை இல்லை.

அந்த ஆஃப்சைட் சங்கதியையும் பார்த்துவிடுவோம். பந்தைக் கொடுப்பவரின் கால் பந்தைத் தொடும் கணத்தில், அதை வாங்கப்போகிறவர் பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரையும் தாண்டி நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும். கொடுப்பவர் ஒரு மூலையில், வாங்குபவர் வேறொரு மூலையில். இரண்டையும் ஒரே கணத்தில் பார்க்க வேண்டும். தடுப்பாட்டக்காரரின் நேர்கோட்டில் நிற்காதவருக்குக் கோணமே பொய் காட்டும். பயிற்சி பெற்ற துணை நடுவர்களின் ஆஃப்சைட் தவறுகளில் பெரும்பகுதி அவர்கள் நின்ற இடத்தால் வருவதுதான் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2000-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். உங்கள் கைப்பேசி அந்த நேர்கோட்டில் இருந்ததா? கொடி பிடிக்கத் துணை நடுவர் இருந்ததாகவும் நீங்கள் எழுதவில்லை. முடிவு தவறாக இருந்திருக்கலாம், சரியாகவும் இருந்திருக்கலாம். ஆஃப்சைடே இல்லை என்று அடித்துச் சொல்லும் இடத்தில் நீங்கள் நிற்கவில்லை.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. 17 வயது இருந்தால் அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அவருடைய தகுதிக் குறைவுக்குச் சான்றாக எழுதினீர்கள். நான் அதை உங்கள் மீதான குற்றமாகப் படிக்கிறேன். 17 வயதுக்குள் இருப்பது ஒரு பிள்ளை, ஐயா. பள்ளிப் பாடத்துக்கு நடுவே விதிகளைப் படித்து, உங்கள் மகன் ஆட வேண்டும் என்பதற்காக விடுமுறை நாளில் மைதானத்துக்கு வந்து நிற்கும் பிள்ளை. பெரியவர்கள் பலர் அந்தப் பிள்ளையைச் சூழ்ந்து நின்றிருக்கிறீர்கள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பதை நான் வெறும் பழமொழியாக எடுத்துக்கொள்கிறவள் இல்லை. தன் வீட்டுக் குழந்தைக்காக அடுத்த வீட்டுக் குழந்தையை மிரட்டுவதைப் பெற்றோரின் கடமை என்று ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் மகன் நாளைக்கு விசிலை வாங்கி அதே இடத்தில் நின்றால், அவனைச் சுற்றி எத்தனை பேர் நிற்கலாம் என்று அனுமதிப்பீர்கள்?

2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரே நகரில் இளையோர் ஆட்டம் ஒன்று நடந்தது. எல்லைக்கோட்டில் கொடி பிடித்து நின்றவருக்கு 41 வயது. சம்பளம் வாங்காத தொண்டர். அந்தக் கிளப்பில் ஆடிய ஒரு பையனின் அப்பா. ஆட்டம் முடிந்ததும் எதிரணியினர் அவரைத் தாக்கினார்கள். மறுநாள் இறந்துபோனார். அடுத்த ஆண்டு தண்டனை பெற்றவர்களில் பதின்வயதுப் பையன்கள் மட்டும் இல்லை; ஆட்டக்காரர் ஒருவரின் தந்தையும் இருந்தார். அவருக்குத்தான் அதிகத் தண்டனை, ஆறாண்டுச் சிறை. நீங்கள் யார் மீதும் கை வைக்கவில்லை, தெரியும். ஆனால் பெரியவர்கள் நடுவரை நெருங்கி நின்று கத்தலாம் என்று அன்று உங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட சிறுவர்கள் இரண்டு அணியிலும் இருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் 2023 பிப்ரவரியில், அடிமட்ட அளவிலான ஆட்டங்களில் நடுவர்களின் மார்பில் கேமரா பொருத்திப் பார்க்கும் முயற்சியைக் கால்பந்து சங்கம் தொடங்கியது. அந்தக் கேமரா காட்சியோடு பேச்சையும் பதிவு செய்கிறது. நீங்கள் எதை நீக்கினீர்களோ அதைச் சேகரிக்கத்தான் அங்கே கருவி மாட்டுகிறார்கள்.

மகனைப் பற்றி எழுதியதில் ஒரு குறை இருக்கிறது. பயிற்சிக்குப் போக மாட்டேன் என்கிறான் என்றீர்கள். காரணம் அநீதி என்றது நீங்கள். அவன் சொன்னதாக ஒரு சொல்கூடக் கடிதத்தில் இல்லை. கேட்டுப் பார்த்தீர்களா? கோல் போன வருத்தம் 13 வயதுப் பையனுக்கு அடுத்த கோலில் தீர்ந்துவிடும். தன் அப்பா கத்தியதைக் கேட்ட அதே நண்பர்களோடு உடை மாற்றும் அறையில் உட்காருவது அத்தனை சுலபம் இல்லை. நீங்கள் கோப்பிலிருந்து எடுத்ததை அவன் காதிலிருந்து எடுக்க முடியாது. அவனுடைய காரணம் இதுதான் என்று நானும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. அவனைக் கேளுங்கள், கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் இருங்கள். அன்று நான் செய்தது தவறு என்று அவனிடம் சொல்லுங்கள். அவன் உங்களைத் தேற்ற வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அதற்கு முன்பாகவே முழு வீடியோவையும் ஒலியோடு லீக் குழுவுக்கு அனுப்புங்கள். ஒலியை நீக்கியது நான்தான் என்று கூடவே எழுதுங்கள். அந்த நடுவருக்கான மன்னிப்புக் கடிதத்தையும் குழுவின் வழியாகவே கொடுங்கள். தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசவோ வீட்டு வாசலில் போய் நிற்கவோ வேண்டாம், ஏற்கெனவே ஒருமுறை அவரைத் தேடிப் போய்விட்டீர்கள். கடிதத்தில் ஆஃப்சைட் என்ற சொல் வரக்கூடாது. மூன்று ஆட்டத் தடையை முறையிடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். தடை முடிந்ததும் ஒரு பயிற்சி ஆட்டத்தில் கொடி பிடிக்கிறேன் என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். தொண்டர் கிடைக்காமல் தவிக்கும் கிளப்புகளே அதிகம், மறுக்க மாட்டார்.

இளம் நடுவர்களைத் தனியாக அனுப்பக்கூடாது, எல்லைக்கோட்டருகே அனுபவமுள்ள ஒருவர் உடன் நிற்க வேண்டும் என்று லீக்கிடம் கேட்பது நியாயமான கோரிக்கை. நடுவரின் தவறும் அப்போது அவர் கண்ணில் படும், பெற்றோரின் பேச்சும் அவர் காதில் விழும். அதைக் கிளப் மூலமாக எழுதுங்கள். வீடியோவும் மன்னிப்பும் போய்ச் சேர்ந்த பிறகு எழுதுங்கள்.