டர்பன் வகுப்பறைக்கு ஊரிலிருந்து எதைக் கொண்டுவருவது?

அன்புள்ள தங்கைக்கு,

பாளையங்கோட்டையில் பி.எட். முடித்து, திருமணத்திற்குப் பின் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் குடிவரும் நீங்கள், வரும் ஜனவரியில் சாட்ஸ்வொர்த் பகுதிப் பள்ளி ஒன்றில் ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். ஆண்டு முழுவதற்கும் வேண்டிய விளக்கப்படங்களையும் பயிற்சித்தாள்களையும் மாதிரிகளையும் ஊரிலேயே ஆயத்தம் செய்து எடுத்துவரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். முதல் பருவத்திற்கு மட்டும், அதுவும் டர்பன் கடைகளில் கிடைக்கும் பொருள்களையும் டர்பன் வானத்தையும் வைத்து ஆயத்தம் செய்யுங்கள். மற்ற மூன்று பருவங்களும் வகுப்பைப் பார்த்த பிறகு வரட்டும்.

தாள்வேலையை முதலில் முடித்துவிடுகிறேன். பட்டச் சான்றிதழ்களைத் தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையமான சாக்வாவிடம் மதிப்பிடக் கொடுப்பதும், சேஸ் எனப்படும் கல்வியாளர் மன்றத்தில் பதிவு செய்வதும், காவல்துறை நற்சான்று பெறுவதும் ஆகிய மூன்றும் காலம் பிடிப்பவை. ஆகவே ஊரில் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

இங்கே கல்வியாண்டு ஜனவரி நடுவில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நான்கு பருவங்கள். 2012 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த கேப்ஸ் என்னும் பாடத்திட்டத்தின்படி, நீங்கள் எடுக்கவிருக்கும் மூன்று வகுப்புகளிலும் முதல் பருவம் உயிரியல், இரண்டாம் பருவம் பொருள்களும் வேதியியலும், மூன்றாம் பருவம் ஆற்றல், நான்காம் பருவம் புவியும் வானும் என்ற ஒழுங்கு இருக்கிறது. எந்த வாரத்தில் எந்தப் பாடம் என்பதை ஏடிபி என்று எல்லாரும் சொல்லும் ஆண்டுக் கற்பித்தல் திட்டம் வரையறுக்கிறது. ஊரில் நீங்கள் பழகிய சமச்சீர்ப் பாடநூலின் அத்தியாய வரிசைக்கும் இதற்கும் தொடர்பே இல்லாததால், அந்த வரிசையில் நீங்கள் எழுதிவைக்கும் பாடக்குறிப்புகள் அலமாரியிலேயே கிடக்கும். இதற்கு மாறாக, சியாவுலா என்ற இந்நாட்டுக் கல்வி நிறுவனம் வெளியிட்டுள்ள ஏழு முதல் ஒன்பது வரையிலான இயற்கை அறிவியல் நூல்களை இப்போதே காசில்லாமல் தரவிறக்கிக்கொள்ளுங்கள். ஆசிரியருக்கான பதிப்பில் விடைகளும் செய்முறைக் குறிப்புகளும் இருக்கின்றன. தேர்வுத்தாள் எழுதும்போது உடன் ஒரு மெமோவும் எழுத வேண்டும். கேள்விக்கு விடையும், எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்பதும் அதில் இருக்கும். துறைத் தலைவர் சரிபார்க்கக் கேட்பது பெரும்பாலும் அதைத்தான். எனவே முதல் பயிற்சித்தாளிலிருந்தே மெமோவோடு எழுதும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

இனி, இங்கத்திய பொருள் என்று நான் வற்புறுத்துவதன் காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். எட்டாம் வகுப்பின் முதல் பருவத்தில் ஒளிச்சேர்க்கை வருகிறது. இலையில் ஸ்டார்ச் இருப்பதை அயோடினால் காட்டும் சோதனை உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்து, இலையின் ஒரு பகுதியை அலுமினியத் தாளால் மூடி, சில மணி நேரம் வெயிலில் வைத்து, பிறகு இலையைக் கொதிநீரில் இட்டு, சாராயத்தில் பச்சையம் நீக்கி, அயோடின் விடுவது. டர்பனில் அந்தச் சாராயத்திற்கு நீங்கள் கடையில் வாங்குவது மெத்திலேட்டட் ஸ்பிரிட். யாரும் குடித்துவிடக்கூடாது என்பதற்காக அதில் நீலமும் ஊதாவும் கலந்தாற்போன்ற ஒரு சாயம் சேர்த்தே விற்கிறார்கள். நிறமற்ற திரவம் மெல்ல மெல்லப் பச்சையாவதுதான் இந்தச் சோதனையில் பிள்ளைகளைக் கண் விரியச் செய்யும் கட்டம். ஊதா நிறத்தில் அந்தப் பச்சை கலங்கலாகத்தான் தெரியும். இலை வெளுப்பது உண்மைதான் என்றாலும், பச்சை எங்கே போயிற்று என்று கேட்கும் பிள்ளைக்குக் காட்ட எதுவும் இருக்காது. ஆகவே இரண்டு கோப்பைகளை அருகருகே வையுங்கள்: ஒன்றில் இலையிட்ட ஸ்பிரிட், மற்றொன்றில் இலையிடாத ஸ்பிரிட். இரண்டுக்கும் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் நிற வேறுபாடு தெளிவாகத் தெரியும். அடுப்பும் வேண்டாம். சாராயம் 78 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும் என்பதால், கெட்டிலில் கொதிக்கவைத்த நீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, அதற்குள் ஸ்பிரிட் கோப்பையை இறக்கினால் போதும். நாற்பது பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்கும் அறையில், ஸ்பிரிட்டுக்குப் பக்கத்தில் திறந்த தீச்சுடர் கூடவே கூடாது. இலைக்குத் தோட்டங்களில் ஜெரேனியம் என்று வளர்க்கும் பெலார்கோனியத்தைத் தேர்ந்தெடுங்கள். உலகெங்கும் பள்ளிப் பாடநூல்களில் இந்தச் சோதனைக்குச் சொல்லப்படும் அந்தச் செடியின் தாயகமே தென்னாப்பிரிக்காதான் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லலாம். அயோடின் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். அதே புட்டியை ஒன்பதாம் வகுப்பில் வெங்காயத் தோலின் செல்களுக்கு நிறமேற்றவும் பயன்படுத்தலாம்.

விளக்கப்படங்களில் எனக்கு மிகவும் அச்சம் தருபவை வானியல் படங்கள். இந்தியாவில் அச்சிட்ட நிலவுப் பிறைப் படத்தில் வளர்பிறையின் அரைநிலவு வலப்பக்கம் ஒளியோடு இருக்கும். இங்கே வடக்கு நோக்கி நின்று பார்க்கும் பிள்ளைக்கு அது இடப்பக்கம் ஒளிரும். துருவ விண்மீன் இங்கே தெரியவே தெரியாது. திசை காண்பதற்குத் தெற்குச் சிலுவையைத்தான் தேட வேண்டும். பருவகாலப் படமும் அப்படியே. பொங்கல் இங்கே கொளுத்தும் கோடையில் வருகிறது. ஆடிமாத மாரியம்மன் கூழோ குளிர்காலத்தில் ஊற்றப்படுகிறது. புவி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில் என்பதால், 'கோடை என்றால் சூரியன் பக்கத்தில் இருக்கும்' என்ற தவறான எண்ணத்தைத் தமிழ்நாட்டில் ஒரே வரியில் உடைத்துவிடலாம். டர்பனில் அந்தத் தவறு சரியானதுபோலவே தோன்றும். அதை உடைக்க, அதே நாளில் ஊரில் மார்கழிப் பனி பெய்வதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்கு உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

திசைகாட்டி கொண்டுவரும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். தென்தமிழ்நாட்டில் புவியின் காந்தப்புலம் ஏறத்தாழக் கிடைமட்டமாக இருக்கிறது. டர்பனிலோ 60 பாகையை ஒட்டிய சாய்வு உண்டு. ஊரில் சமன்செய்யப்பட்ட ஊசி இங்கே ஒரு முனை தாழ்ந்து, கீழ்த்தட்டில் உரசி நின்றுவிடும். சரியாகச் சுழலும் ஊசிகூட உண்மையான வடக்கிலிருந்து இருபது பாகைக்கு மேல் மேற்கே விலகித்தான் காட்டும். ஒன்பதாம் வகுப்பில் காந்த விசை மூன்றாம் பருவத்தில் வருவதால், இங்கேயே வாங்கிக்கொள்ள அவகாசம் இருக்கிறது.

எடுத்துக்காட்டுகளுக்கு இந்த நாடே போதும். ஒன்பதாம் வகுப்பில் இரத்த ஓட்டம் எடுக்கும்போது, 1967 டிசம்பர் 3 அன்று கேப்டவுனின் குரூட்டே ஷூர் மருத்துவமனையில் கிறிஸ்டியான் பர்னார்டு தலைமையில் மனித இதயம் முதன்முதலாக மாற்றிப் பொருத்தப்பட்டதைச் சொல்லுங்கள். உயிரினப் பன்மைக்கு, பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்ததாகக் கருதப்பட்ட சீலகாந்த் மீன் 1938இல் ஈஸ்ட் லண்டன் கடற்பகுதியில் வலையில் அகப்பட்டதையும், அதை மார்ஜரி கோர்ட்னே-லாட்டிமர் என்ற இளம் அருங்காட்சியகக் காப்பாளர் வழக்கத்திற்கு மாறான மீன் என்று கவனித்துப் பாதுகாத்ததையும் சொல்லுங்கள். நான்காம் பருவத்திற்கு, கார்னர்வன் அருகே 64 கிண்ண வடிவ அலைவாங்கிகளோடு நிற்கும் மீர்காட் வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. ஊர்ப் பாடநூலில் ராமன் விளைவு பெறும் இடத்தை இங்கே இவை பெறுகின்றன.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். 2023இல் இருந்த அளவுக்கு மின்வெட்டு இப்போது இல்லை. ஆயினும் திரையை நம்பி ஒரு பாடத்தையும் கட்டாதீர்கள். ஃபெட் போன்ற இலவச உருவகப்படுத்தல்களை மடிக்கணினியில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. அதே பாடத்தைக் கரும்பலகையில் நடத்தும் வழியும் கைவசம் இருக்கட்டும். நகலெடுக்கும் தாளுக்குப் பல பள்ளிகளில் அளவு உண்டு. ஆளுக்கொரு பயிற்சித்தாள் என்பதற்குப் பதிலாக, நான்கு பேருக்கு ஒன்று என்று தடித்த அட்டையில் எழுதி, நெகிழித் தாள் ஒட்டிவிட்டால், ஆண்டுக்கணக்கில் உழைக்கும். விடைகளைப் பிள்ளைகள் தங்கள் குறிப்பேட்டில் எழுதட்டும்.

வருகைப்பதிவேட்டில் கவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி என்று பெயர்களைக் கண்டதும் தமிழில் பேசிவிடலாம் என்று எண்ணத் தோன்றும். 1860இல் முதல் கப்பலில் சென்னையிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களும், அவர்களுக்குப் பின் வந்தவர்களின் வழித்தோன்றல்களும் அவர்கள். கோயிலில் தேவாரம் பாடுவார்கள், வீட்டுமொழி ஆங்கிலம். அதே வகுப்பில் ஜூலுவை வீட்டுமொழியாகக் கொண்ட பிள்ளைகளும் நிறைய இருப்பார்கள். ஆங்கிலம் பாடமொழி என்பதால், ஒவ்வொரு அலகுக்கும் ஏழெட்டுச் சொற்களைப் படத்தோடு எழுதி சுவரில் ஒட்டுவது எல்லாருக்குமே உதவும். ஜூலுச் சொல்லைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். நாம் அகராதியைப் பார்த்து எழுதினால் சிரிப்பார்கள்.

ஒன்றுமே கொண்டுவர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாளை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் நுண்ணோக்கிகள் சிலவற்றை வாங்கி வாருங்கள். 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும், எடையே இல்லை, நுண்ணோக்கி ஒன்றோ இரண்டோதான் இருக்கும் பள்ளியில் பேருதவி. அரவிந்த் குப்தாவின் குப்பைப்பொருள் பொம்மைகளைச் செய்து பழகிய கையும் வரட்டும்.

முடிந்தால் டிசம்பர் 20க்குள் வந்துசேருங்கள். பள்ளி அப்போது விடுமுறையில் இருக்கும் என்பதால், டிசம்பர் 21 அல்லது 22 அன்று நண்பகல் நிழலை நீங்களே அளக்க வேண்டியிருக்கும். ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னிருந்து பார்த்துக்கொண்டிருந்தால், மிகக் குறுகிய நிழல் தெற்கு நோக்கி ஏறத்தாழ 11 செ.மீ. விழும். அதே நாளில் பாளையங்கோட்டையில் உங்கள் அப்பா பன்னிரண்டேகால் மணி வாக்கில் அதே உயரக் குச்சியை அளந்தால், நிழல் வடக்கு நோக்கி 63 செ.மீ. அளவில் இருக்கும். இரண்டையும் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 21ஐ ஒட்டிப் பள்ளி நடக்கும் ஒரு நாளில் பிள்ளைகளே முற்றத்தில் அளக்கட்டும். அவர்களுக்குக் கிடைப்பது 134 செ.மீ. போல இருக்கும். ஏழாம் வகுப்பின் நான்காம் பருவத்திற்கு அந்த மூன்று அளவுகளும் இரண்டு புகைப்படங்களும் போதும். வேறு விளக்கப்படம் வாங்கத் தேவையில்லை.