ஜனவரி வெயில் போதுமா?

கேள்வி: சிகாகோவில் மகனோடு இருக்கிறேன். குளிரில் மூட்டு வலி தாங்கவில்லை. ஃபுளோரிடாவில் டாம்பா பக்கம், கடலை ஒட்டி மகன் ஒரு வீடு பார்த்திருக்கிறான். ஜனவரியில் போய்ப் பார்த்தோம், அப்படி ஓர் இதமான வெயில்! மருமகள்தான் புயல், புயல் என்று பயமுறுத்துகிறாள். புயல் எங்கேதான் இல்லை? இன்சூரன்ஸ் இருக்கிறதே? – ஒரு வாசகி

பதில்: உங்கள் மருமகள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள் அம்மா. ஸ்வெட்டர் இல்லாமல் வாசலில் நாலு எட்டு நடக்க முடிவது உங்கள் வயதில் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் பார்த்தது ஜனவரி. அங்கே புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை.

2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் புயல் கரை கடந்த இடம் டாம்பாவுக்கு வடக்கே நூறு மைலுக்கும் அப்பால். அப்படியும் டாம்பா விரிகுடாவில் கடல் ஆறேழு அடி உயர்ந்து வீடுகளுக்குள் புகுந்தது. அப்புறம் தெருவெல்லாம் ஊறிப்போன மெத்தை, சோபா, ஃப்ரிட்ஜ், அறுத்தெடுத்த சுவர்ப் பலகை. அங்கே உள்சுவர் பெரும்பாலும் ஜிப்சம் பலகைதான். நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும், அறுத்து எறிய வேண்டியதுதான். அந்தக் குவியலை அள்ளி முடிப்பதற்குள், பதிமூன்றே நாளில் மில்டன் புயல். கிடப்பதெல்லாம் காற்றில் பறந்து வந்து அடிக்குமே என்று இரவு பகலாக லாரிகளில் அள்ளினார்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் நீங்கள் நினைப்பது தவறு. வழக்கமான வீட்டு பாலிசி, காற்று கூரையைப் பிய்த்தால் பணம் தரும். கடல் ஏறி வந்தால் தராது. வெள்ளத்துக்குத் தனி பாலிசி எடுக்க வேண்டும். மத்திய அரசின் திட்டத்தில் வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர்தான்.

எனக்குப் பெரிய கவலை வேறு. 2017-இல் இர்மா புயலுக்குப் பிறகு, அதே மாநிலத்தில் ஹாலிவுட் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் ஏ.சி. நின்றுபோய், புழுக்கத்தில் 12 பேர் இறந்தார்கள். புயல் அடித்து ஓய்ந்த பிறகு! நீங்கள் தேடிப் போகும் அதே வெப்பம், கரண்ட் இல்லாத செப்டம்பரில் இப்படியும் மாறும்.

புயல் எங்கே இல்லை என்று கேட்கிறீர்கள். சரிதான், கடலிலிருந்து வெகு தொலைவில், வட கரோலினா மலைகளில் இருக்கும் ஆஷ்வில்லையும் அதே ஹெலீன்தான் புரட்டிப் போட்டது. அதற்காக எல்லா வீடும் ஒன்றாகிவிடாது. அதே டாம்பாவில் உள்ளே தள்ளி, மேட்டு நிலத்திலும் வீடுகள் இருக்கின்றன. வெயில் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மகன் பார்த்த வீட்டின் தரை கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம், புயல் வந்தால் ஊரைக் காலி செய்யச் சொல்லும் வெளியேற்ற மண்டலங்களில் அது எது என்று கேளுங்கள். 'ஏ' மண்டலம் என்றால், உத்தரவு வந்ததும் அந்த மூட்டு வலியோடு முதலில் காரில் ஏற வேண்டியவர் நீங்கள். 2024 அக்டோபரிலிருந்து, வெள்ளச் சேதத்துக்காக இன்சூரன்ஸ் பணம் கேட்டதுண்டா என்று விற்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும் எனச் சட்டமே இருக்கிறது. அந்தத் தாளைப் படிக்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

முடிந்தால் ஒரு வருடம் அங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள், ஆகஸ்டும் செப்டம்பரும் சேர்த்து. அடுத்த வீடு பார்க்கப் போகும்போது மருமகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.