பிரிக்காத டப்பாவைப் பிரிக்காதீர்கள்

கேள்வி: என் தாயாருக்கு (வயது 68) மலச்சிக்கலுக்காக ஈரோட்டில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் திரிபலா சூரணம் 100 கிராம் டப்பா மூன்று வாங்கினேன். முதல் டப்பா தீர்ந்து, இரண்டாவதைத் தொடங்கிய சில நாட்களில் கடும் வயிற்றுப்போக்கு ஏற்பட்டு நான்கு நாட்கள் மருத்துவமனையில் இருந்தார். செலவு 38,000 ரூபாய். மிச்சத் தூளைத் தனியார் ஆய்வகத்தில் கொடுத்தேன். கிராமுக்கு 80,000 பாக்டீரியாக்களும், ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவும் இருப்பதாக அறிக்கை வந்தது. கடைக்காரர் எகத்தாளமாகப் பேசினார். நிறுவனம் பதிலே தரவில்லை. பத்து லட்சம் இழப்பீடு கேட்கப்போகிறேன். ஒரு டப்பா மட்டும் இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கிறது.

பதில்: கடைக்காரரின் எகத்தாளத்துக்கு மனுவில் ஒரு வரி போதும். உங்கள் கடிதத்தில் சட்டப்படி எடையுள்ள செய்தி அதன் கடைசி வாக்கியம் ஒன்றே. அந்த டப்பாவின் பேட்ச் எண்ணும் உங்கள் தாயார் உண்ட டப்பாவின் பேட்ச் எண்ணும் ஒன்றுதானா என்பதை முதலில் பாருங்கள். இரண்டும் வேறு வேறெனில், இதற்கு மேல் செலவு செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து.

நீங்கள் நம்பியிருக்கும் ஆய்வறிக்கை அவ்வளவு பலமானதல்ல. 80,000 என்ற எண் அச்சமூட்டினாலும், மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் ஆயுர்வேத மருந்தியல் நூல் இத்தகைய சூரணத்தில் கிராமுக்கு ஒரு லட்சம் வரை மொத்த பாக்டீரியாவை அனுமதிக்கிறது. மண்ணிலும் வெயிலிலும் கிடந்து வரும் கடுக்காயும் தான்றிக்காயும் கிருமியற்றவையாக இருக்க இயலாது. இருக்கவே கூடாதவை ஈ.கோலை, சால்மோனெல்லா போன்றவை. ஆனால் அந்த ஈ.கோலை தொழிற்சாலையில் சேர்ந்ததா, உங்கள் வீட்டு ஈரக்கரண்டியில் சேர்ந்ததா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டால், பிரித்த டப்பாவை வைத்துக்கொண்டு உங்களால் பதில் சொல்ல முடியாது. வாங்கியவரே மருந்தை அரசுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்ப வழி செய்யும் 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26ஆம் பிரிவும் உங்களுக்கு உதவாது. 33எச் பிரிவு சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளுக்கு 22 முதல் 25 வரையான பிரிவுகளை மட்டுமே கொண்டுவருகிறது. மருந்துத் தயாரிப்புக்கு உரிமம் வழங்கும் அலுவலரிடம் புகார் செய்யுங்கள். மருந்து ஆய்வாளர் கடையில் மாதிரி எடுக்கலாம். அது தனி வழி, அதில் உங்களுக்குப் பணம் வராது.

இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே இடம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38(2)(சி) பிரிவின்படி ஆணையமே மாதிரியைப் பெற்று, முத்திரையிட்டு, உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி, 45 நாட்களுக்குள் அறிக்கை கேட்கும். பதற்றத்தில் பிரிக்காத டப்பாவையும் தாங்களே பிரித்து இன்னொரு ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு, இரண்டு அறிக்கைகளோடும் வெறும் டப்பாவோடும் என்னிடம் வந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிரிக்காமல் வைத்திருப்பதிலும் ஆபத்து இருக்கிறது. உலர்ந்த தூளில் ஈ.கோலை நாளாக நாளாகச் செத்துக் குறையும். தூள் முழுவதும் அது ஒரே சீராகவும் இருப்பதில்லை. வழக்கு வாய்தா வாய்தாவாக நகர்ந்து, மாதங்கள் கழித்து அந்த டப்பா ஆய்வகத்தை அடையும்போது "கிருமி இல்லை" என்று அறிக்கை வந்தால், உங்கள் வழக்கை உங்கள் சான்றே முடித்துவிடும். காலாவதித் தேதி கடந்துவிட்டால் எதிர்த்தரப்புக்கு வேறு வாதமே தேவைப்படாது. வழக்குத் தொடுக்க இரண்டாண்டு அவகாசம் இருக்கிறதே என்று காத்திராமல், மாதிரியை அனுப்பக் கோரும் மனுவை முதல் நாளே புகாரோடு சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள்.

நோய்க்கும் சூரணத்துக்குமான தொடர்பு இதைவிடவும் பலவீனமானது. மருத்துவமனையில் மலப் பரிசோதனை செய்ததாக நீங்கள் எழுதவில்லை. செய்திருந்து ஈ.கோலை கிடைத்திருந்தாலும், நலமாயிருக்கும் ஏறத்தாழ எல்லோர் குடலிலும் அது உண்டு. திரிபலாவோ மலமிளக்கி, அம்மா அளவு மீறிச் சாப்பிட்டார் என்பதே நிறுவனத்தின் முதல் வரியாக இருக்கும்.

ஆகவே பத்து லட்சத்தை மறந்துவிட்டு, மருத்துவச் செலவும் அதற்கு மேல் ஒரு நியாயமான தொகையும் கேட்டுச் சமரசம் பேசுங்கள். டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, நிறுவனத்துக்கும் தெரியாது. அந்த நிலை நீடிக்கும் வரைதான் அவர்கள் இறங்கி வருவார்கள். வழக்கறிஞர் அறிவிப்பில் தொகையை மட்டும் கேளுங்கள். "தராவிட்டால் அறிக்கையை முகநூலில் போடுவேன்" என்று எழுதி, மிரட்டிப் பணம் பறித்தல் புகாருக்கு ஆளாகி, முன்பிணைக்காக (முன்ஜாமீன்) என்னிடம் வந்த ஒருவர் இருக்கிறார்; நிறுவனத்தின் மீது அவர் சொன்ன குறை உண்மையானதுதான். உடன்பாட்டில் "உரிம அலுவலரிடம் புகார் செய்ய மாட்டேன்" என்ற வரியை நிறுவனம் சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். குற்றத்தை மூடி மறைப்பதற்கான உடன்பாடு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி செல்லாது என்பதோடு, பின்னாளில் நீங்கள் மிரட்டித்தான் பணம் பெற்றீர்கள் என்று காட்டவும் அதே வரி பயன்படும்.